படகுப் பெட்டிக்குச் சாவி எங்கிருந்து எடுப்பது?

கேள்வி: "திருகோணமலையில் படிக்கிறேன். மீன்பிடி வள்ளங்களுக்கு ஒரு சிறிய பெட்டி செய்கிறோம். ஆர்டுயினோ நானோ பலகை ஜிபிஎஸ்ஸிலிருந்து இடத்தை எடுத்து, லோரா வானொலி வழியாகக் கரைக்கு அனுப்பும். எங்கே வலை போட்டோம் என்பது மற்ற வள்ளங்களுக்குத் தெரியக்கூடாது என்று கடலுக்குப் போகிறவர்கள் கேட்டதால் செய்தியை மறைகுறியாக்குகிறோம். அதற்கான சாவியை, அதாவது பூட்டவும் திறக்கவும் வேண்டிய இரகசிய எண்ணை, எழுமாற்றாக எண் தரும் ரேண்டம் கட்டளையால் எடுத்தோம். ஓர் இலட்சம் எண் எடுத்துச் சோதித்தபோது 0-உம் 1-உம் கிட்டத்தட்டச் சமமாக வந்தன. ஆனாலும் விரிவுரையாளர் 'இது போதாது' என்கிறார். ஜிபிஎஸ் செய்மதியே போலி எழுமாற்றுத் தொடரைத்தான் பயன்படுத்துகிறது என்று வாசித்தேன். அங்கே சரி என்றால் இங்கே ஏன் பிழை?"

தங்கச்சி, உங்கள் விரிவுரையாளர் சொன்னது சரிதான். ஆனால் நீங்கள் கடைசியாகக் கேட்டிருப்பது மிக நல்ல கேள்வி. "அங்கே சரி, இங்கே ஏன் பிழை" என்பது விளங்கிவிட்டால் மற்றதெல்லாம் பின்னாலேயே வந்துவிடும்.

ஊரில் சீட்டுக் குலுக்குவதை நினைத்துப் பாருங்கள். பெயர்களைத் துண்டுகளில் எழுதி, ஒரே மாதிரி மடித்து, ஒரு டின்னில் போட்டு, சின்னப் பிள்ளை ஒன்றைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்வார்கள். ஏன் பிள்ளை? பெரியவர் எடுத்தாலும் வரப்போவது ஒரு பெயர்தான். வந்த பெயரை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் குலுக்கல் நேர்மையானதா என்று சொல்ல முடியாது. எடுப்பதற்கு முன்பே அது யாருக்காவது தெரிந்திருந்ததா என்பதுதான் எல்லாருடைய கவலையும். எழுமாற்று எண்ணும் அப்படியே. 7 என்பது எழுமாற்று எண்ணா என்று கேட்பதில் பொருள் இல்லை. அது எந்த வழியில் வந்தது, வருமுன் யாரால் ஊகிக்க முடிந்தது என்றுதான் கேட்க வேண்டும். நீங்கள் ஓர் இலட்சம் எண்ணைச் சோதித்தபோது மடித்த துண்டுகளின் அளவைத்தான் அளந்தீர்கள். எடுத்த கையை யாரும் பார்க்கவில்லை.

சரி, செய்மதிக்கு வருவோம். ஜிபிஎஸ் செய்மதிகள் ஏறக்குறைய 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றுகின்றன. எல்லாமே ஒரே மீடிறனில், 1575.42 மெகாஹேர்ட்சில், ஒரே நேரத்தில் அலை அனுப்புகின்றன. கொட்டியாரக் குடாவில் நிற்கும் வள்ளத்துக்கு அந்த அலை வந்து சேரும்போது, வாங்கும் கருவியின் சொந்த வெப்ப இரைச்சலைவிட மெலிந்து போயிருக்கும். இரைச்சலுக்கு அடியில் புதைந்து கிடப்பதை எப்படிக் கண்டெடுப்பது? எந்த அலை எந்தச் செய்மதியுடையது என்று எப்படிப் பிரிப்பது?

ஒவ்வொரு செய்மதிக்கும் 1023 துண்டுகள் கொண்ட தனித் தொடர் ஒன்று உண்டு. 0-உம் 1-உம் கலந்த, பார்வைக்கு ஒழுங்கே இல்லாத தொடர். ஒரு மில்லிசெக்கனில் முடிந்து, உடனே மறுபடி முதலிலிருந்து தொடங்கும். வள்ளத்தில் இருக்கும் கருவி அதே தொடரைத் தானும் உண்டாக்கி, வந்த அலைமேல் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பார்க்கிறது. சரியாகப் பொருந்தும் இடத்தில் மட்டும் கூட்டுத்தொகை சட்டென்று எழும்பும். ஒரு முழுத் துண்டு விலகினால் விழுந்துவிடும். ஒரு துண்டு என்பது ஒளி வேகத்தில் சுமார் 293 மீற்றர். எங்கே பொருந்தியது என்பதைத் துண்டுக்குள்ளும் நுணுக்கமாக அளந்துதான், அலை எவ்வளவு நேரம் பயணித்தது என்று கருவி கணக்கிடுகிறது.

இந்தத் தொடரை எப்படி உண்டாக்குகிறார்கள் என்பதைத் தாளில் கீறிப் பாருங்கள். பத்து நிமிட வேலைதான், ஆனால் எந்த விளக்கத்தைவிடவும் மனதில் நிற்கும். நான்கு பெட்டிகளை வரிசையாகக் கீறி, இடமிருந்து 1, 0, 0, 0 என்று நிரப்புங்கள். ஒவ்வொரு படியிலும் வலது ஓரத்தில் இருப்பதை வெளியே எழுதிக்கொள்ளுங்கள். கடைசி இரண்டு பெட்டிகளையும் ஒப்பிடுங்கள்: ஒரே மாதிரி இருந்தால் 0, வேறுபட்டால் 1. பிறகு எல்லாவற்றையும் ஒரு பெட்டி வலப்பக்கம் தள்ளி, கிடைத்த விடையை இடது ஓரத்தில் போடுங்கள். 15 படி முடியும்போது 000100110101111 கையில் இருக்கும். பெட்டிகள் மறுபடி 1000 என்ற நிலைக்கு வந்திருக்கும்.

அதை வடிவாகப் பாருங்கள். எட்டு ஒன்றுகள், ஏழு பூச்சியங்கள். தொடரை ஒரு வட்டமாக நினைத்து, எத்தனை இடம் சுழற்றி அதன்மேலேயே வைத்தாலும், 7 இடத்தில் ஒத்துப்போகும், 8 இடத்தில் ஒத்துப்போகாது. சுழற்றாமல் வைத்தால் மட்டும் 15-உம் ஒத்துப்போகும். வள்ளத்துக் கருவி தேடும் அந்தத் திடீர் எழுச்சி இதுதான். இந்தப் பெட்டி வரிசைக்கு நகர்வுப் பதிவேடு என்று பெயர். n பெட்டி இருந்து, ஒப்பிடும் இடங்களைச் சரியாகத் தேர்ந்தால் 2ⁿ − 1 படிகளுக்குப் பிறகுதான் திரும்பி வரும். இந்தத் தொடர்களின் கணிதத்தை முறையாக வகுத்தவர்களில் முதன்மையானவர் சொலமன் கொலொம்ப். பத்துப் பெட்டிக்கு 1023. ஜிபிஎஸ்ஸின் எண் அங்கிருந்துதான் வருகிறது. பத்துப் பெட்டிப் பதிவேடுகள் இரண்டை ஓடவிட்டு, ஒன்றின் வெளியீட்டை மற்றதோடு வெவ்வேறு இடைவெளியில் சேர்த்தால் ஒன்றோடு ஒன்று குழம்பாத பெரிய குடும்பமே கிடைக்கும். இதை 1967-இல் காட்டியவர் ரொபர்ட் கோல்ட். ஒரு காலத்தில் நம் வீடுகளில் மேசைமேல் இருந்த சிடிஎம்ஏ போன்களும் இதே இனம்தான். அவற்றின் நீண்ட தொடர் 42 பெட்டிகளில் ஓடியது. ஒரு சுற்று முடிய ஏறக்குறைய 41 நாள் ஆகும்.

இனி முக்கியமான இடம். இந்தத் தொடர் வேலை செய்ய வேண்டுமென்றால் அது எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். செய்மதியின் தொடர் வள்ளத்துக்குத் தெரியாவிட்டால் வள்ளத்துக்கு இடமே கிடைக்காது. அதனால் அமெரிக்கா அந்தத் தொடர்களை அச்சிட்டே வெளியிட்டிருக்கிறது. தெரிந்தது, திரும்ப வருவது, ஆனால் இரைச்சல்போல் நடந்துகொள்வது: தொடர்பாடலுக்கு வேண்டியது இது. உங்கள் சாவிக்கு வேண்டியது இதற்கு நேர் எதிர். பொறிமுறை முழுவதும் தெரிந்தவருக்கும்கூட, அடுத்து என்ன வரும் என்று தெரியக்கூடாது. தமிழில் இரண்டையும் எழுமாற்றுத் தொடர் என்றே சொல்லிவிடுகிறோம். குழப்பம் அந்தச் சொல்லில்தான் தொடங்குகிறது.

தொடர் தெரிந்திருப்பதற்கு ஒரு விலையும் உண்டு. பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் அலையைத் தக்க கருவி உள்ள எவரும் போலியாக உண்டாக்கி ஒரு கப்பலை ஏமாற்றலாம். அதனால்தான் இராணுவத்துக்கான தொடரை இரகசியச் சாவி கொண்டு மறைத்து அனுப்புகிறார்கள். ஒரே செய்மதியிலிருந்து இரண்டு வகைத் தொடரும் இறங்குகின்றன.

தொடரை விட்டுவிட்டுப் பெட்டிகளின் அமைப்பை மட்டும் இரகசியமாக வைத்தால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். போதாது. நம் நான்கு பெட்டித் தொடரில் அடுத்தடுத்து 8 இலக்கம் கையில் கிடைத்தால், எந்தப் பெட்டிகளை ஒப்பிடுகிறோம், இப்போது அவற்றில் என்ன இருக்கிறது என்று இரண்டையும் கணக்குப் போட்டு எடுத்துவிடலாம். இதைச் செய்யும் முறை 1969 முதல் பேர்லெகாம்ப்–மாசி என்ற பெயரில் இருக்கிறது. 1000 பெட்டி வைத்தாலும் 2000 இலக்கம் போதும். சாதாரண மடிக்கணினி கண்மூடித் திறப்பதற்குள் முடித்துவிடும். இரண்டாம் தலைமுறைக் கைத்தொலைபேசியின் ஏ5/1 மறைகுறியில் 19, 22, 23 பெட்டிகள் கொண்ட மூன்று பதிவேடுகளை ஒன்றையொன்று தடுத்து நிறுத்தும்படி பிணைத்தார்கள். அதுவும் தாங்கவில்லை.

இந்த விஷயம் நம் ஊரையும் தொட்டிருக்கிறது. 1942 ஏப்ரல் 9 காலை ஜப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தையும் சீனக்குடா விமானத் தளத்தையும் தாக்கின. அன்றே மட்டக்களப்புக் கடலில் ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது. அதற்கு நான்கு நாள் முன்பு கொழும்பு தாக்கப்பட்டது. இப்படி ஒரு தாக்குதல் வருகிறது என்று பிரித்தானியருக்கு மார்ச் இறுதியிலேயே தெரியும். கொழும்பில் இருந்த அவர்களுடைய குறியுடைப்புப் பிரிவு ஜப்பானியக் கடற்படைச் செய்திகளில் ஒரு பகுதியை வாசித்துச் சொல்லியிருந்தது. ஏப்ரல் 1 அளவில் எதிர்பார்த்தார்கள், வந்தது 5-ஆம் தேதி.

அந்தக் குறிமுறையை எதிரணி ஜேஎன்-25 என்று அழைத்தது. உங்கள் பெட்டிக்கு நேரடியாகப் பொருந்துவதால் அது எப்படி உடைந்தது என்பதைச் சற்று விரித்துச் சொல்கிறேன். ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் ஐந்திலக்க எண். அதை அப்படியே அனுப்பமாட்டார்கள். ஒழுங்கில்லாத ஐந்திலக்க எண்கள் நிரம்பிய இன்னொரு புத்தகத்திலிருந்து ஓர் எண்ணை எடுத்து அதன்மேல் கூட்டுவார்கள். பத்தைத் தாண்டினால் அடுத்த இலக்கத்துக்கு ஒன்றை ஏற்றுவதில்லை. சொல்லுக்கான எண் 47283, கூட்டும் எண் 61905 என்றால் போவது 08188. கூட்டும் எண்ணை ஊகிக்க முடியாத வரை 08188-ஐப் பிடித்தவருக்கு ஒன்றும் கிடைக்காது. எந்த ஐந்திலக்க எண்ணும் உள்ளே இருந்திருக்கலாம்.

அவர்கள் கூட்டிய எண்களில் பெரிய குறை இல்லை. ஒரே புத்தகத்தைத் திரும்பத் திரும்ப எடுத்ததுதான் குறை. ஆயிரக்கணக்கான செய்திகள் போகும்போது புத்தகத்தின் ஒரே வரி பல செய்திகள்மேல் விழுந்தது. ஒரே எண் கூட்டப்பட்ட இரண்டு செய்திகளைக் கழித்தால் அந்த எண் கழன்று விழுந்துவிடும். மிஞ்சுவது இரண்டு சொற்களின் வித்தியாசம் மட்டும். போதாததற்கு, வானொலியில் வரும் பிழையைக் கண்டுபிடிப்பதற்காகச் சொல்லுக்கான எண்கள் எல்லாவற்றையும் மூன்றால் வகுபடும்படி வைத்திருந்தார்கள். மேலே நான் எடுத்த 47283-இன் இலக்கங்களைக் கூட்டிப் பாருங்கள், மூன்றால் வகுபடும் 24 வரும். உடைப்பவர் தன் ஊகம் சரியா என்று பார்க்க அதையே உரைகல்லாகப் பிடித்துக்கொண்டார். ஒருமுறை மட்டும் பயன்படுத்திய, செய்தியின் நீளமே கொண்ட, உண்மையான எழுமாற்றுத் தொடரை யாராலும் உடைக்க முடியாது என்று கணிதவியலாளர் குளோட் ஷனன் 1949-இல் வெளியிட்ட கட்டுரையில் நிறுவினார். அதில் "ஒருமுறை மட்டும்" என்ற சொற்களை எடுத்துவிட்டால் மீதி நிறுவல் நிற்காது. சோவியத் தரப்பு 1940-களில் அப்படிப்பட்ட தாள்களில் ஒரு பகுதியை இரண்டு தடவை அச்சிட்டுவிட்டது. அமெரிக்கர் அதைப் பிடித்துக்கொண்டு பல ஆண்டுகள் தோண்டினார்கள்.

உங்கள் பெட்டியில் இதே குழி இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். நீங்கள் ஏஇஎஸ் என்ற பரவலான மறைகுறியை எண்ணி முறையில் ஓட்டுகிறீர்கள் என்று வையுங்கள். சாவி ஒன்று, செய்திக்குச் செய்தி எண்ணி கூடிக்கொண்டே போகும், சாவியும் எண்ணியும் சேர்ந்து ஒரு தொடரை உண்டாக்கும், அந்தத் தொடரைச் செய்திமேல் கூட்டி அனுப்புவீர்கள். ஜேஎன்-25-இன் கூட்டும் புத்தகத்தின் இடத்தில் இங்கே ஏஇஎஸ் இருக்கிறது. கடலில் பற்றறி கழன்று மறுபடி பூட்டினால் எண்ணி எங்கிருந்து தொடங்கும்? 0-இலிருந்து தொடங்கினால், நேற்று அனுப்பிய முதல் செய்தியும் இன்று அனுப்பும் முதல் செய்தியும் ஒரே தொடரின்மேல் உட்காரும். பக்கத்து வள்ளத்துக்காரர் இரண்டையும் பிடித்துக் கழித்தால் 1942-இல் நடந்ததே நடக்கும். ஏஇஎஸ் எவ்வளவு பலமானது என்பது இங்கே உதவாது. எண்ணியை நிரந்தர நினைவகத்தில் எழுதி வையுங்கள். ஒவ்வொரு செய்திக்கும் எழுதினால் நினைவகம் தேய்ந்துவிடும் என்பதால், ஆயிரம் ஆயிரமாக முன்கூட்டியே ஒதுக்கி எழுதிவிட்டு, மின்சாரம் போய் வந்தால் அடுத்த ஆயிரத்திலிருந்து தொடங்குங்கள். இடையில் சில எண்கள் வீணாகும், அதனால் கெடுதல் இல்லை.

இனி நீங்கள் பயன்படுத்திய ரேண்டம். ஆர்டுயினோ நானோவில் அது ஒரு பெருக்கல் கணக்கு: இருக்கும் எண்ணை 16807-ஆல் பெருக்கி, 2147483647-ஆல் வகுத்து, மீதியை வைத்துக்கொள்ளும். அந்த மீதிதான் அடுத்த எண். முதல் எண்ணுக்கு விதை என்று பெயர். விதை கொடுக்காவிட்டால், உலகில் உள்ள எல்லா நானோவும் ஒவ்வொரு தடவை உயிர்பெறும்போதும் ஒரே வரிசையைத்தான் சொல்லும். விதை கொடுத்தாலும் மொத்தம் 200 கோடிச் சொச்சம் தொடக்கங்கள்தான். மடிக்கணினி ஒன்று எல்லாவற்றையும் முயன்று பார்க்க அதிக நேரம் எடுக்காது. விளையாட்டு நிரலுக்கும், மின்விளக்கை மினுக்குவதற்கும் இது நல்ல கட்டளை. சாவிக்கு இல்லை.

பெரிய எண் வைத்தால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். பைதான் நிரல்மொழியின் சாதாரண ரேண்டம் மெர்சென் டுவிஸ்டர் என்ற முறையில் ஓடுகிறது. அது திரும்பி வர 2¹⁹⁹³⁷ − 1 படி ஆகும். வாய்விட்டுச் சொல்லக்கூட முடியாத எண். ஆனால் அதன் 32 இரும இலக்க (0 அல்லது 1) வெளியீடுகளில் 624-ஐ அடுத்தடுத்துப் பார்த்தவர் உள்ளே இருப்பது முழுவதையும் மீட்டெடுத்து, இனி வரப்போவதை எல்லாம் சொல்லிவிடுவார். சுற்று நீளமாக இருப்பது வேறு, ஊகிக்க முடியாமல் இருப்பது வேறு.

விதை சிறுத்தால் என்ன ஆகும் என்பதற்கு டெபியன் லினக்ஸ் கதையை நான் எல்லா மாணவர்களுக்கும் சொல்வேன். 2006-இல் அந்த இயங்குதளத்தின், மறைகுறி வேலைகளுக்கான ஓப்பன்எஸ்எஸ்எல் பொதியில், எச்சரிக்கைச் செய்தி ஒன்றை நிறுத்துவதற்காக இரண்டு வரிகளை எடுத்துவிட்டார்கள். அந்த வரிகள்தான் ஊகிக்க முடியாத பொருளைக் கலவைக்குள் ஊற்றிக்கொண்டிருந்தன. மிஞ்சியது நிரலின் இயக்க எண் மட்டும். அதற்கு 32,768 மதிப்புகள்தான். 2008 மே மாதத்தில் கண்டுபிடிக்கும் வரை அந்தக் கணினிகளில் உருவான சாவிகள் எல்லாம் அந்தச் சிறிய கட்டுக்குள்தான் இருந்தன. இரண்டு ஆண்டுகளாக யாருக்கும் சந்தேகம் வரவில்லை, ஏனென்றால் ஒவ்வொரு சாவியும் தனியாகப் பார்த்தால் அழகான சாவி.

என் கையிலும் இது நடந்தது. சில ஆண்டுகளுக்கு முன் கடல் நீரின் வெப்பத்தை அளக்கும் 8 பெட்டிகளை இதே வகைப் பலகையில் செய்தேன். எங்கும் இணைக்காத அனலொக் முனை ஒன்றை வாசித்து, அதையே விதையாகக் கொடுத்தேன். எல்லாரும் சொல்லும் வழி அது. இரண்டு பெட்டிகளுக்கு ஒரே சாவி வந்தது. முதலில் கம்பி இணைப்பில் பிழை என்று தேடிக்கொண்டிருந்தேன். பிறகு அந்த முனையை மட்டும் நூறு தடவை வாசித்துப் பார்த்தேன். 0 முதல் 1023 வரை வரக்கூடிய இடத்தில், 300-க்கும் 340-க்கும் இடையில்தான் ஆடிக்கொண்டிருந்தது. அதாவது 41 சாவிகள். 41-க்குள் 8 பேர் எடுத்தால் எவராவது இருவர் ஒன்றை எடுக்கும் வாய்ப்பு பாதியைச் சற்றுத் தாண்டும். அப்படி நடந்ததில் வியப்பில்லை. நடக்கும் என்று நான் முன்பே கணக்குப் போட்டிருக்க வேண்டும். அந்தச் சாவிகள் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து செய்தேன்.

அந்த விதையை, எதைக் கொடுத்தாலும் 256 இரும இலக்கமாக ஒடுக்கித் தரும் எஸ்ஹெச்ஏ-256 என்ற கணக்கின் வழியாகச் சலித்து எடுத்தால் சரிவராதா என்று ஒரு மாணவர் கேட்டார். கஞ்சியில் தண்ணீர் ஊற்றினால் பானை நிறையும், அரிசி கூடாது. 41 விதையைச் சலித்தால் வருவது 256 இலக்கம் நீளமுள்ள 41 சாவிகள். ஊகிக்க முடியாமை எங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டும்; கணக்கால் அதை உண்டாக்க முடியாது.

எங்கிருந்து வரும்? உலகத்திலிருந்துதான். எந்தத் தடையிலும் வெப்பத்தால் இலத்திரன்கள் துடிக்கின்றன. அது நுண்ணிய மின்னழுத்தமாக எந்நேரமும் ஆடிக்கொண்டிருக்கும். வானொலியில் நிலையம் இல்லாத இடத்தில் கேட்கும் இரைச்சலில் அதுவும் கலந்திருக்கிறது. கதிரியக்கச் சிதைவு, அரை வெள்ளிக் கண்ணாடியில் மோதும் ஒற்றை ஒளித்துகள் இப்பக்கமா அப்பக்கமா என்ற குவாண்டம் தெரிவு, இவையும் பயன்படுகின்றன. உங்கள் வேலைக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. நல்ல செய்தி என்னவென்றால், நீங்கள் வாங்கிய பெட்டிக்குள்ளேயே ஓர் ஊற்று இருக்கக்கூடும். எஸ்எக்ஸ்1276 வகை லோரா சில்லில், வாங்கும் அலையின் அகன்ற பட்டைப் பலத்தைக் காட்டும் பதிவேடு ஒன்று இருக்கிறது. அதன் கடைசி இலக்கம் வானொலி இரைச்சலால் ஆடும். சில்லைச் செய்தவர்களே எழுமாற்று எண் எடுக்க அதைப் பரிந்துரைக்கிறார்கள்.

அப்படி எடுத்த இலக்கங்கள் சாய்ந்திருக்கலாம்; 1 கூடுதலாக வரலாம். சாய்ந்த நாணயத்திலிருந்து சமமான விடை எடுக்கக் கணிதவியலாளர் வொன் நொய்மன் ஒரு வழி சொன்னார். நசுங்கிய சோடா மூடி ஒன்றை வைத்தே செய்து பார்க்கலாம். இரண்டிரண்டாகச் சுண்டுங்கள். முதலில் மேல், பிறகு கீழ் என்றால் 1. முதலில் கீழ், பிறகு மேல் என்றால் 0. இரண்டும் ஒன்றானால் தள்ளிவிடுங்கள். மூடி எவ்வளவு சாய்ந்திருந்தாலும் மேல்-கீழுக்கும் கீழ்-மேலுக்கும் வாய்ப்பு ஒன்றுதான். ஒரு சுண்டல் அடுத்ததைப் பாதிக்கக்கூடாது என்பது மட்டும் நிபந்தனை. சராசரியாக நான்கில் மூன்று பங்குக்குக் குறையாமல் வீணாகும். அதனால் இன்று பெரும்பாலும் நிறைய இரைச்சலைச் சேர்த்து எஸ்ஹெச்ஏ-256-இல் ஒடுக்குகிறார்கள். பானையில் அரிசி நிறைய இருக்கும்போது அது நல்ல வழி.

அப்படி 256 இலக்கம் உண்மையான விதை சேர்ந்துவிட்டால், அதன் பிறகு கணக்கையே நம்பலாம். சாச்சா20 போன்ற மறைகுறி அந்த விதையிலிருந்து வேண்டிய அளவு தொடரை நீட்டித் தரும். வெளியீடு எவ்வளவு பார்த்தாலும் விதைக்குத் திரும்பிப் போக யாருக்கும் வழி தெரியாது. லினக்ஸ் கரு 2016 முதல் இப்படித்தான் செய்கிறது. கணினியில் சாவி எடுக்க வேண்டியிருந்தால் நீங்களாக எதுவும் எழுதாதீர்கள், இயங்குதளத்திடம் கேளுங்கள். பைதானில் அதற்கு சீக்ரெட்ஸ் என்ற தனி நிரலகமே இருக்கிறது.

எந்தச் சோதனை போட்டாலும் ஒரு தொடரை ஊகிக்க முடியுமா முடியாதா என்பது தெரியாது என்பதையும் விரிவுரையாளரிடம் சொல்லுங்கள், மகிழ்வார். அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் வெளியிட்ட கட்டில் 15 சோதனைகள் உண்டு. ஏஇஎஸ்ஸுக்கு எல்லாம் பூச்சியமான சாவியைக் கொடுத்து, 0, 1, 2, 3 என்று வரிசையாக மறைகுறியாக்கி, அந்த வெளியீட்டைச் சோதனைக்கு அனுப்புங்கள். நன்றாகவே தேறும். ஆனால் சாவி பூச்சியம் என்று தெரிந்த எவருக்கும் ஒவ்வொரு இலக்கமும் தெரியும். சோதனையில் தோற்றால் உங்கள் கருவி பழுது என்று அறியலாம். தேறினால் ஒன்றும் அறிய முடியாது. அதே நிஸ்ட் 2006-இல் பரிந்துரைத்த டியுவல் இசி என்ற எழுமாற்று எண் உற்பத்தி முறையும் கண்ணுக்கு எழுமாற்றாகவே இருந்தது. அதில் உள்ள மாறா எண்களைத் தேர்ந்தவர் கையில் இரகசியத் திறப்பு இருக்கக்கூடும் என்று 2007-இல் இரண்டு ஆய்வாளர்கள் காட்டினார்கள். 2014-இல்தான் அந்தப் பரிந்துரையைக் கைவிட்டார்கள்.

இன்னொன்று. லோரா தானாகவே ஒரு தொடரைச் செய்திமேல் கூட்டி அனுப்பும். நீண்ட பூச்சிய வரிசை வந்து வாங்கும் கருவி நேரத்தைத் தவறவிடக்கூடாது என்பதற்காக அது. வைஃபையிலும் ஏழு பெட்டிப் பதிவேடு ஒன்று இதே வேலையைச் செய்கிறது. "அலையிலேயே குழம்பித்தானே போகிறது" என்று உங்கள் குழுவில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது ஜிபிஎஸ் இனத்துத் தொடர், எல்லாருக்கும் தெரிந்தது.

சரி, செய்ய வேண்டியது. முடிந்தால் நானோவை விட்டு ஈஎஸ்பி32 பலகைக்கு மாறுங்கள். அதில் வன்பொருள் எழுமாற்று எண் ஊற்று உண்டு. ஆனால் வைஃபை அல்லது புளூடூத் ஓடும்போதுதான் அதற்குள் உண்மையான இரைச்சல் போகிறது என்று செய்தவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். கடலில் பற்றறியை மிச்சம் பிடிக்க இரண்டையும் அணைத்துவிடுவீர்கள். அதனால் சாவியைக் கரையில், வைஃபையைப் போட்டுவிட்டு, பெட்டியைக் கொடுக்குமுன் உண்டாக்கி நிரந்தர நினைவகத்தில் வையுங்கள். ஒவ்வொரு வள்ளத்துக்கும் தனிச் சாவி. ஒரு பெட்டி கடலில் விழுந்து வேறு யார் கைக்காவது போனாலும் மற்ற வள்ளங்கள் தப்பும். உயிர்பெற்ற முதல் கணத்தில் சாவி எடுக்கும் பழக்கத்தையும் விடுங்கள். அந்த நேரத்தில் கருவிக்குள் இன்னும் எந்த இரைச்சலும் சேர்ந்திருக்காது. 2012-இல் இணையத்தில் உள்ள சாவிகளைத் திரட்டிப் பார்த்த ஆய்வாளர்கள், வெவ்வேறு ரவுட்டர்கள் ஒரே பகா எண்ணைப் பகிர்ந்துகொண்டதைக் கண்டார்கள். அந்த வகைச் சாவி இரண்டு பெரிய பகா எண்களின் பெருக்கம்; இரண்டு சாவிகளின் பொதுக் காரணிகளுள் பெரியதைக் கண்டால் போதும், இரண்டும் உடைந்துவிடும்.

நானோவையே வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் இன்னும் எளிய வழி உண்டு. ஆறு பக்கத் தாயக்கட்டை ஒன்றை எடுங்கள். ஓர் உருட்டலில் சுமார் 2.58 இரும இலக்க அளவு ஊகிக்க முடியாமை இருக்கிறது. 50 உருட்டினால் 128 இலக்கச் சாவிக்குப் போதும், 100 உருட்டினால் 256-க்கு. மனதில் தோன்றும் எண்ணை மட்டும் எழுதாதீர்கள். மனிதர் ஒரே எண்ணை அடுத்தடுத்து எழுதத் தயங்குவார்கள், அந்தத் தயக்கமே தடயம். விழுந்ததை விழுந்தபடி எழுதுங்கள், 6 மூன்று தடவை தொடர்ந்து வந்தாலும் மறுபடி உருட்டாதீர்கள். 100 எண்ணையும் இணையம் இல்லாத கணினியில் எஸ்ஹெச்ஏ-256-க்குக் கொடுத்து, வந்ததைக் கம்பி வழியாக வள்ளத்தின் பெட்டியிலும் கரையில் இருக்கும் பெட்டியிலும் ஏற்றுங்கள். பிறகு அந்தத் தாளை அடுப்பில் போட்டுவிடுங்கள்.